கண்ணாடி இல்லாத கேமராவும் சட்டை போடாத அப்பாவும்

போன மாசம் ஆபீஸ் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் டீமுக்குப் புதிதாக வந்திருக்கும் சிவகங்கைப் பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒரு டவுட்டு. தெரிஞ்சவர் ஒருத்தர் நிக்கான் டி7000 குடுக்குறார். லென்ஸோட சல்லிசா வருது. அதை வாங்கிரலாமா, இல்ல இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து சின்னதா ஒரு மிரர்லெஸ் வாங்கலாமா?"

தை மாசம் அவன் அக்காவுக்குக் கல்யாணமாம். அதற்குள் வாங்கிவிட வேண்டும் என்கிறான்.

கேட்ட ஆள் சரியான ஆள்தான். 2011-இல் புனேவுக்குப் பொட்டி தட்ட வந்த புதிதில், ஒன்றரை மாதச் சம்பளத்தைக் கொட்டி நான் வாங்கியதும் இதே டி7000. 2023-இல் வாங்கியது நிக்கான் இசட்50 என்கிற சின்ன மிரர்லெஸ். இரண்டையும் வைத்துக் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். டெக்னிக்கலாகப் பெரிய ஜல்லி எதுவும் கிடையாது, பயப்பட வேண்டாம் :-)

முதலில் ஒரு விஷயம். இந்த இரண்டு கேமராவிலும் சென்சார் கிட்டத்தட்ட ஒரே அளவு. டி7000 16 மெகாபிக்சல், இசட்50 20 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேலே. நல்ல வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்களைப் போஸ்ட் கார்டு அளவில் பிரிண்ட் போட்டு என்னிடமே நீட்டினால், எது எதில் எடுத்தது என்று சொல்ல மாட்டேன். சைஸ் வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. டி.எஸ்.எல்.ஆருக்குள்ளே 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி உண்டு. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்பிவிடும். அங்கே இருக்கும் பிரிசம் வழியாக நாம் பார்க்கிறோம். பட்டனை அமுக்கினால் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். 'டப்' என்று கேட்கும் சத்தத்தில் பெரும்பங்கு அதனுடையது. அந்தக் கண்ணாடி ஆடுவதற்கு இடம் வேண்டுமே? அதனால்தான் நிக்கானின் பழைய மவுண்ட்டிலிருந்து சென்சார் 46.5 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. கண்ணாடியைத் தூக்கி எறிந்த இசட் மவுண்ட்டில் அது 16 மில்லிமீட்டர்தான்.

விளைவு எடையில் தெரியும். பேட்டரி, கார்டு சேர்த்து டி7000 780 கிராம். அதோடு வரும் 18-105 லென்ஸ் 420 கிராம். ஆக மொத்தம் 1 கிலோ 200 கிராம். இசட்50 பேட்டரியோடு 450, அதன் 16-50 லென்ஸ் 135. கூட்டினால் 585 கிராம். பாதிக்கும் கீழே.

"615 கிராம்தானே, தூக்க முடியாதா?" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாங்கிய முதல் வருஷம் சிங்ககட் மலைக்குப் போனேன், ஆலந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பண்டரிபுரத்துக்குப் போகும் வார்க்கரிகள் புனேவுக்குள் வரும் நாளில் ரோட்டோரம் நின்றேன், கணபதி ஊர்வலக் கூட்டத்தில் மிதிபட்டேன். இரண்டாவது வருஷம் "மழையா இருக்கே, இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" ஆனது. புனே மழையில் அலமாரிக்குள் பூட்டி வைத்தால் என்ன ஆகும்? லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். பிடித்தது. நாலாவது வருஷத்திலிருந்து, வருஷம் ஒருமுறை நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் கோவில்பட்டிக்குப் போகும்போது மட்டும் பையை எடுப்பேன். அதுவும் விசேஷம் இருந்தால்.

இப்போது சொந்தக் கதை.

எங்கள் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர். வீட்டில் இருந்தால் வேட்டியும் தோளில் துண்டும்தான், சட்டை கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே, பேப்பரை மடித்து மடித்துப் படிப்பார். நான் அந்தக் கறுப்புப் பையின் ஜிப்பைத் திறந்தால் போதும், "இருல, சட்டையப் போட்டுட்டு வாரேன்" என்று உள்ளே போய்விடுவார். வெளியே வரும்போது முழுக்கை வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டு, தலையைத் தண்ணி தொட்டு வாரி, சுவரோரம் அட்டென்ஷனில் நிற்பார். "அப்பா, சும்மா உக்காருங்க" என்றால், "எடுல, சீக்கிரம்" என்பார். அவர் காலத்தில் போட்டோ எடுப்பது என்றால் ஸ்டுடியோவுக்குப் போவது. இவ்வளவு பெரிய மிஷினைப் பார்த்தால் மரியாதை கொடுக்கத்தானே செய்வார்?

2022-இல் அப்பா தவறிப்போனார். மாலை போட ஒரு படம் வேண்டும் என்று ஹார்ட் டிஸ்க்கைத் துழாவினேன். ஆயிரக்கணக்கில் படம் இருக்கிறது. அப்பா இருப்பது நாற்பது சொச்சம். எல்லாவற்றிலும் அதே சட்டை, அதே சுவர், அதே விறைப்பு. இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டோம். குறையே சொல்ல முடியாத படம். தாடியில் ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனியாகத் தெரிகிறது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "படம் நல்லாத்தான் இருக்கு. யாரோ மாதிரி இருக்காரு."

இதைக் கேமராவின் தப்பு என்று சொல்ல மாட்டேன். தப்பு என்னுடையது. கனமான பொருள் என்பதால் விசேஷத்துக்கு மட்டும் எடுத்தேன். விசேஷத்துக்கு மட்டும் எடுத்ததால் அப்பாவும் விசேஷமாகவே நின்றார். திண்ணையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள் என்னிடம் இல்லவே இல்லை. எனக்கு இதிலிருந்து புரிந்தது, எந்த நேரத்தில் படம் எடுக்கிறோம், எதிரே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்பதையெல்லாம் கேமராவின் சைஸும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. கடையில் மெகாபிக்சலை எழுதி ஒட்டுவார்கள், இதை எழுத மாட்டார்கள்.

இதற்காகப் பழைய டி.எஸ்.எல்.ஆர். எல்லாம் குப்பை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அதன் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும்.

பேட்டரி. டி7000-க்கு ஒரு சார்ஜுக்கு 1,050 படம் என்பது கணக்கு. இசட்50-க்கு 320. ஒன்றரை நாள் ரயிலில் போகிறவனுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. நான் இப்போது கூடுதல் பேட்டரி ஒன்றோடுதான் கிளம்புகிறேன்.

லென்ஸ். என்னிடம் 50 மி.மீ. எஃப்1.8டி என்று ஒரு பழைய லென்ஸ் உண்டு, என் செல்லம். டி7000-க்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் அதில் ஜம்மென்று வேலை செய்யும். அடாப்டர் வாங்கி இசட்50-இல் மாட்டினால் படம் எடுக்கலாம், ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது. கையால்தான் திருக வேண்டும். பழைய லென்ஸ் நிறைய வைத்திருப்பவர்கள் இதைக் கணக்குப் பார்க்காமல் தாவக் கூடாது.

பறவை. பிக்வானில் உஜனி அணையின் தண்ணீரில் பூநாரை பார்க்கப் படகில் போகிறவர்கள் 200-500 லென்ஸோடு வருவார்கள். லென்ஸ் மட்டுமே 2 கிலோவுக்கு மேல். அங்கே பாடியில் 300 கிராம் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

சத்தமில்லாமல் எடுக்கலாம் என்று மிரர்லெஸ்காரர்கள் பெருமை பேசுவதிலும் ஒரு ஓட்டை உண்டு. மண்டபத்து எல்.இ.டி. விளக்குகள் சிலவற்றின் கீழே அந்த மோடில் எடுத்தால், படம் முழுக்கக் கோடு கோடாக விழும். முதல் தடவை கேமராவே போச்சு என்று பதறிவிட்டேன்.

இன்னொரு பக்கம், நிக்கானும் கேனானும் கடைசியாகப் புது டி.எஸ்.எல்.ஆர். மாடல் வெளியிட்டது 2020-இல். புதுசாக யோசிக்கிறதெல்லாம் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டது. அதனால்தான் பழையது சல்லிசாக வருகிறது.

"இவ்வளவு எதுக்கு, மொபைல் இருக்கே" என்பது தங்கமணியின் கட்சி. பகலில், வெளியில், சரி. கோவில்பட்டி வீட்டு அடுப்படியில் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் அம்மாவை மொபைலில் எடுத்துப் பாருங்கள். முகத்துச் சுருக்கத்தை எல்லாம் அதுவே மெழுகிவிடும். எனக்கு அந்தச் சுருக்கம் வேண்டும்.

போன பொங்கலுக்கு ஊரில் இருந்தபோது அம்மா முற்றத்தில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இசட்50 என் மடியில் கிடந்தது. கண்ணில் கூட வைக்கவில்லை. பின்னால் இருக்கும் ஸ்கிரீனைப் பார்த்தே, சத்தம் இல்லாமல் நாலைந்து எடுத்தேன். சாயந்திரம் காட்டினபோது திட்டு விழுந்தது. "எப்பல எடுத்த? சொல்லியிருந்தா சேலைய மாத்தியிருப்பேன்லா!" அப்புறம் அவளே வாங்கி, இரண்டு தடவை பார்த்தாள். "அப்பாவ இப்பிடி ஒண்ணு எடுத்திருக்கலாம்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பையனிடம் சொன்னதற்கு வருகிறேன். அவனிடம் ஏற்கெனவே கேமரா இருந்து, அது அலமாரியில் தூங்கினால், ஏன் தூங்குகிறது என்று முதலில் யோசிக்கச் சொல்லியிருப்பேன். கனம் காரணமென்றால் மாற்றலாம். சோம்பேறித்தனம் காரணமென்றால் எதை வாங்கினாலும் அதுவும் தூங்கும். அவனிடம் இல்லை. காசும் இறுக்கம். அதனால் சொன்னேன்: "டி7000 நல்ல கேமராதான் தம்பி. லென்ஸை வெளிச்சத்துக்குக் காட்டி பூஞ்சை இருக்கான்னு பாரு. ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்குன்னு கேளு. 1,50,000-க்கு டெஸ்ட் பண்ணினது அது. பாடியை மட்டும் எடுத்துட்டு 35 மி.மீ. லென்ஸ் ஒண்ணு தேடு, 200 கிராம்தான். ஆனா காசு குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் இரவல் கேளு. தினமும் ஆபீஸுக்குப் பையில கொண்டு வா. வாரக் கடைசி வரைக்கும் கொண்டு வந்தா வாங்கு. நடுவுல ரூம்ல வெச்சிட்டு வந்தியானா, கல்யாணத்துக்கு முன்னாடி காசு சேர்த்து சின்னதா வாங்கு. கல்யாணத்தன்னைக்கு எடுக்க போட்டோகிராபர் வருவார். நீ எடுக்க வேண்டியது முந்தின வாரம் உங்க அப்பா அம்மா வீட்டுல அலையிறதை."

இரவல் கிடைத்தது. திங்கள், செவ்வாய், புதன் பையோடு வந்தான். கேன்டீன் பூனையை எல்லாம் எடுத்துத் தள்ளினான். வியாழக்கிழமை கையை வீசிக்கொண்டு வந்தவனை, "எங்கேடா?" என்றேன்.

"இல்லண்ணே, இன்னைக்கு மழையா இருந்துச்சு, அதான்…"