துண்டு போட்டுப் பிடித்த இடம்

மூன்று டெராபைட் என்று சொல்லி வாங்கிய ஹார்ட் டிஸ்க் கணினியில் மாட்டியதும் 746 ஜி.பி. என்று மட்டும் காட்டுகிறதே என்னும் முறையீடு, 2010-ஐ ஒட்டி அந்த டிஸ்க்குகள் சந்தைக்கு வந்த காலத்தில் சர்வசாதாரணமாக எழுந்தது; வாங்கியவர் கடைக்காரரைச் சந்தேகித்தார், கடைக்காரர் கம்பெனியைச் சந்தேகித்தார், ஆனால் இருவருமே நிரபராதிகள்.

1983-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எக்ஸ்.டி. கணினி பத்து மெகாபைட் டிஸ்க்குடனும் டாஸ் 2.0 உடனும் வெளிவந்தபோது, டிஸ்க்கின் முதல் செக்டாராகிய 512 பைட்டுகளில் 64 பைட்டுகளை மட்டும் ஒதுக்கி, டிஸ்க்கைப் பிரிக்கும் பகுதிகளாகிய பார்ட்டிஷன்களில் நான்கின் விவரத்தை மட்டும் எழுதி வைக்கும் எம்.பி.ஆர். என்ற அட்டவணையை ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு பார்ட்டிஷனும் எந்த செக்டாரில் தொடங்குகிறது, எத்தனை செக்டார் நீளம் என்பதைக் குறிக்க நான்கு நான்கு பைட்டுகள். அதில் அடங்கக்கூடிய எண்ணிக்கை சுமார் 429 கோடி. செக்டாருக்கு 512 பைட் என்று பெருக்கினால் இரண்டு டெராபைட்டுக்குச் சற்று அதிகம். பத்து மெகாபைட்டையே பெரும் செல்வமாகக் கருதிய அந்நாளில் இதைக் கஞ்சத்தனம் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. மூன்று டெராபைட் டிஸ்க்கில் இந்த அட்டவணையின் எல்லை மட்டுமே தடையாக இருந்தால் இரண்டு டெராபைட் போக மிச்சம் உபயோகமற்றுக் கிடக்கும், அவ்வளவுதான். டிஸ்க்கை இயக்கும் டிரைவரும் அதே நான்கு பைட்டுகளில் எண்ணுவதாக இருந்தாலோ, 586 கோடி செக்டாரில் 429 கோடியை விழுங்கிவிட்டு மீதியை மட்டும், எவ்விதச் சங்கோசமும் இன்றி, முழு அளவாக அறிவித்துவிடும். அந்த மீதிதான் 746.

இந்த நெருக்கடியை உத்தேசித்து, 1990-களின் பிற்பகுதியில் இன்டெல் நிறுவனத்தின் முயற்சியில் உருவான ஜி.பி.டி. என்ற புதிய அட்டவணை, எட்டு பைட்டுகளில் எண்ணுகிறது. வழக்கமாக 128 பார்ட்டிஷன்களுக்கு இடம் தருகிறது. தன் பிரதி ஒன்றை டிஸ்க்கின் கடைசியிலும் பத்திரப்படுத்துகிறது. இவற்றையெல்லாம்விட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. தன்னை அறியாத பழைய கருவி எதுவும் டிஸ்க்கைக் காலி என்று எண்ணி எழுதிவிடக் கூடாதே என்பதற்காக, முதல் செக்டாரில் பழைய பாணியிலேயே, 'ஈ.ஈ.' என்ற குறியீட்டுடன், பழைய எண்ணிக்கைக்கு எட்டியவரை டிஸ்க் முழுவதும் ஒரே பார்ட்டிஷன் என்று ஒரு பொய்ப்பதிவை அது எழுதி வைக்கிறது; பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் நம்மவர் சாதுரியமேதான். துண்டு யாருடையது என்று தெரியாவிட்டாலும், உட்காரக் கூடாது என்பதாவது தெரிகிறதல்லவா?

லினக்ஸின் பழைய பார்ட்டிஷன் கருவியான எப்டிஸ்க், ஜி.பி.டி. டிஸ்க்கைக் கண்டால், தனக்கு இதைக் கையாளத் தெரியாது, பார்ட்டட் என்ற கருவியை உபயோகிக்கவும் என்று எச்சரித்தது. எச்சரித்த பிறகும் வேலையைத் தொடர விட்டது என்னவோ அசட்டுத் தாராளம்தான். எனினும் 2013-இல் ஜி.பி.டி.யைக் கற்றுக்கொள்ளும் வரையில் தன் அறியாமையை மறைக்காதிருந்த அந்தக் கருவியிடம் எனக்கு மரியாதை உண்டு.

விண்டோஸிடம் அந்த அடக்கம் போதாது. ஜி.பி.டி. தெரியாத பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. வைத்திருந்தோருக்கு உதவுவதற்காக, சில யு.எஸ்.பி. பெட்டிகள் உள்ளிருக்கும் டிஸ்க்கின் செக்டாரை 4096 பைட்டாகக் காட்டி, பழைய அட்டவணையின் எல்லையைப் பதினாறு டெராபைட்டாக உயர்த்தின. பெட்டி பழுதாகி, டிஸ்க்கை வெளியே எடுத்து நேரடியாக மாட்டும் நாளில், அதே எண்கள் 512 பைட் கணக்கில் வாசிக்கப்பட்டு, பார்ட்டிஷன், டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து தான் உண்மையில் இருக்கும் தூரத்தில் எட்டில் ஒரு பங்கிலேயே தேடப்படுகிறது. உள்ளே ஒரு பைட்டும் அழியவில்லை. இருந்தும் திரையில், டிஸ்க்கை உபயோகிக்க வேண்டுமானால் முதலில் பார்மேட் செய்தாக வேண்டும், செய்யலாமா என்ற கேள்வி வந்து நிற்கிறது. அப்போது 'கேன்சல்' பட்டனை அழுத்திவிட்டு, அதே வகைப் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினால், கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.