ஜன்னலைத் திறந்து வைக்க ஒரு செடித் திரை

இன்னிக்கு த்ரெட் பூந்தொட்டி பத்தி. டாக்டருக்கும் பூந்தொட்டிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு, வாங்க.

1) நம்ம நகரங்களில் பல தெருக்களில் ஹால் ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டு அடுப்படி. பால்கனியில் நின்னா பக்கத்து மாடியிலிருந்து நாலு கண்ணு. அதனால வருஷம் முழுக்க ஜன்னலைச் சாத்தியே வைக்கிறோம்.

2) ஓபியில் இருமலோட வர்றவங்ககிட்ட "வீட்ல ஜன்னல் திறப்பீங்களா?"ன்னு கேட்பேன். "எதிர்ல ஆளுங்க இருக்காங்க டாக்டர்" என்பார்கள். இதை நான் குறையே சொல்ல மாட்டேன். நைட்டியோட காத்தாட உட்காரவும், பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் மறைவு வேணும். அது ஆடம்பரம் இல்லை.

3) ஆனா மூடின அறைக்கு ஒரு விலை இருக்கு. காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது. காற்றோட்டம் இல்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். ஒரே அறையில் அஞ்சு பேர் படுக்கிற வீட்டில் திறந்த ஜன்னலும் ஒரு பாதுகாப்புதான்.

4) தார்ப்பாய், பழைய ஃப்ளெக்ஸ் கட்டினா மறைவு கிடைக்கும், காத்து நின்னுடும். செடி வரிசை பார்வையை மறைக்கும், காத்தை விடும். அதனாலதான் என் ஓட்டு செடிக்கு.

5) "செடி காத்தைச் சுத்தம் பண்ணும்"னு நம்பி வாங்காதீங்க. எல்லாரும் காட்டுற 1989 நாசா ஆய்வு, மூடிய பெட்டிக்குள்ள செஞ்சது. நம்ம வீட்டுக்கு நல்ல காத்து வர்றது ஜன்னல் வழியா. செடி வச்சுட்டு ஜன்னலைச் சாத்தினா பிரயோஜனமே இல்லை.

6) என்ன செடி? வெயில் நல்லா விழுந்தா செம்பருத்தி, கறிவேப்பிலை. கயிறு கட்டி விட்டா கொடிப்பசலை, முல்லை. வெயில் குறைவா இருந்தா அரேக்கா பனை. பசலை சீக்கிரம் படரும், கீரையும் ஆச்சு.

7) இப்ப முக்கியமான விஷயம்: தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதில் தேங்கும் கொஞ்சம் தண்ணி போதும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள்தான். தண்ணியைக் கொட்டினா மட்டும் போதாது. தட்டின் ஓரத்தில் ஒட்டின முட்டை காய்ஞ்சாலும் மாசக்கணக்கில் தாங்கும், அடுத்த தண்ணி பட்டதும் பொரிக்கும்.

அதனால தட்டே வேண்டாம். தொட்டியை ரெண்டு செங்கல் மேல வைங்க. கீழ்வீட்டுக்குத் தண்ணி ஒழுகும்னா தட்டு நிறைய மணல் போடுங்க. இல்லைன்னா வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க.

8) அரளி வேண்டாம். உயரமா, அடர்த்தியா வளரும், ஆடு மாடு தொடாதுன்னு வேலிக்கு வைப்பாங்க. ஏன் தொடாதுன்னு யோசிங்க. மஞ்சளோ செவ்வரளியோ, செடி முழுக்க விஷம், இதயத் துடிப்பையே குலைக்கும். குழந்தை வாயில் வச்சுட்டா கைவைத்தியம் பார்க்காம, வாந்தி எடுக்க வைக்காம, உடனே 108.

டிஃபன்பேக்கியா இலையைக் கடிச்சா வாய், நாக்கு வீங்கும். தவழுற குழந்தை இருக்கிற வீட்டுக்கு அதுவும் வேண்டாம்.

9) கைப்பிடிச் சுவர் மேல தொட்டி வைக்காதீங்க. காத்தடிச்சா கீழே போறவர் தலையில் விழும். சுவரை ஒட்டித் தரையில் வச்சாலும், குழந்தைக்கு அது ஏறிப்பார்க்கும் படி. நாலு வயசுப் பிள்ளை ஏற முடியாத இடமா பார்த்து வைங்க. ஒன்றரை அடித் தொட்டியில் ஈரமண் நிறைச்சா ஒரு ஆள் எடை வரும். தென்னைநார்க் கழிவு கலந்தா எடை குறையும்.

10) கடைசியா வீட்டு ஓனர்களுக்கும் அசோசியேஷன்காரங்களுக்கும். "கொசு வரும், தொட்டியே கூடாது"ன்னு மொத்தமா தடை போடாதீங்க. தட்டுக்குத் தடை போடுங்க. தொட்டியை எடுத்தா அந்தக் குடும்பம் ஜன்னலைச் சாத்திடும். அப்புறம் அந்த இருமல் எங்க ஓபிக்குத்தான் வரும்.

இந்த ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் ஒதுக்கி, தொட்டி ஒவ்வொண்ணையும் தூக்கிப் பாருங்க. தட்டைக் கழுவிக் கவுத்துட்டு, ஜன்னலைத் திறந்து விடுங்க.


உங்கள் அரசு மருத்துவமனை டாக்டர்