‘ஈ’ என்பதா? ‘கொடு’ என்பதா?

ஒரு பொருளைக் கேட்டுப் பெறுதற்குத் தமிழில் மூன்று சொற்கள் உள. ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்பன அவை. மூன்றும் ஒரு பொருளனவே எனினும், அவற்றை எல்லாரும் எவ்விடத்தும் சொல்லுதல் மரபன்று என்று தொல்காப்பியர் எச்சவியலுள் வரையறுத்துச் சென்றார். தன்னினும் உயர்ந்தானிடம் கேட்பவன் ‘ஈ’ என்பான். தன்னோடு ஒத்தானிடம் ‘தா’ என்பான். தன்னினும் தாழ்ந்தானிடம் ‘கொடு’ என்பான். நீட்டப்படும் கை ஒன்றே. ஆனால் அக்கைக்குரியவர் எந்நிலையில் நிற்கின்றனர் என்பதை வாய்ச்சொல் காட்டிவிடுகிறது.

மக்களாட்சியில் குடிமக்களே நாட்டின் உரிமையாளர். அமைச்சரும் அலுவலரும் அவர்தம் பணியாளர். அங்ஙனமாயின், தனக்குரியதைக் கேட்டு வட்டாட்சியர் அலுவலக வாயிலில் நிற்கும் ஓர் ஏழைத்தாய் சொல்ல வேண்டிய சொல் யாது? ‘கொடு’ என்பதன்றோ? ஆனால், நூறு தாள்களாலும் ஆயிரம் கேள்விகளாலும் அவள் ‘ஈ’ என்று சொல்லவே பழக்கப்பட்டிருக்கிறாள்.

திருவண்ணாமலையைப் பார்க்க. முழுநிலா நாள்தோறும் இலக்கக்கணக்கான மக்கள் அம்மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்து வலம் வருகின்றனர். வழியெங்கும் காவியுடுத்த துறவியர் அமர்ந்திருக்கின்றனர். அவர்கட்குச் சோறிடுவார் பலர், காசிடுவார் பலர். “நீ மெய்யாகவே துறந்தனையா? துறந்து எத்தனை ஆண்டாயிற்று? அதற்குச் சான்றிதழ் எங்கே? யாம் இடும் காசை எதற்குச் செலவிடுவாய்?” என்று எவரும் கேட்பதில்லை. கேளாது கொடுத்தலே அறம் எனக் கொள்ளப்படுகிறது. நன்று.

அதே வழியோரத்தில், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பூக்கட்டி விற்கும் தாயை எண்ணிப் பார்க்க. அகவை இருபத்து நான்கு. கணவன் குடிக்கு அடிமையாகி, ஒருநாள் வீட்டை விட்டுப் போனவன் திரும்பவில்லை. அவள் அரசிடம் சென்றால் நிகழ்வது என்ன? கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்தைத் தமிழ்நாட்டரசு 1986-இல் தொடங்கியது. நல்ல திட்டமே. ஆயின் அதன் வாயிலில் வைக்கப்பட்ட பூட்டுகள் எத்தகையன! அகவை முப்பது நிரம்பியிருத்தல் வேண்டும். கைவிடப்பட்டு ஐந்தாண்டுகள் கழிந்திருத்தல் வேண்டும்; அன்றேல் மணமுறிவோ பிரிந்து வாழ்தற்கான ஆணையோ வழக்குமன்றத்தில் பெற்றிருத்தல் வேண்டும். பசி ஐந்தாண்டுகள் காத்திருக்குமா? பிள்ளையின் பள்ளிப் பருவம் காத்திருக்குமா? துறவிக்குக் கேளாது இடும் அதே ஊரில், தாய்க்கு மட்டும் அவள் துயரத்தின் அகவை கணக்கிடப்படுகிறது!

இந்நிலையில்தான் 2023-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பெற்ற மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் கருதத்தக்கதாகிறது. குடும்பத் தலைவியர்க்குத் திங்களுக்கு ஆயிரம் உருபா என்பது அத்திட்டம். அதற்கும் வாயிற்கட்டுகள் இருந்தன. அகவை இருபத்தொன்று நிரம்பியிருத்தல், ஆண்டு வருவாய் இரண்டரை இலக்கத்திற்கு மிகாமை, நன்செய் ஐந்து ஏக்கருக்கோ புன்செய் பத்து ஏக்கருக்கோ மிகாமை, ஆண்டுக்கு 3,600 அலகுக்கு மிகாத மின்செலவு ஆகியன அவை. ஆனால், கைம்பெண்ணும் தனித்து வாழும் பெண்ணும் தலைமை தாங்கும் குடும்பங்களில் அவர்களே தலைவியர் எனக் கொள்ளப்பட்டனர். வாயிலைக் கடந்தபின், “இப்பணத்தை என்ன செய்தாய்?” என்ற கேள்வி இல்லை. அதனினும் சிறப்பு, அதன் பெயரில் ‘உதவி’ என்றில்லாமல் ‘உரிமை’ என்றிருந்தது. பெயர் வெறும் ஒலியன்று. கொடுப்பாரும் பெறுவாரும் நிற்கும் நிலையை அது வகுத்துக் காட்டும்.

ஆயிரம் உருபாவால் என்ன ஆகும் என்று நகரத்து நாற்காலியில் அமர்ந்தார் நகைக்கலாம். சிற்றூரில் அது செய்யும் வேலையை அவர் அறியார். தனித்து நிற்கும் தாய்க்குப் பெருந்துன்பம் வருவாய் குறைவு என்பது மட்டுமன்று. வருவாய் எந்நாள் வரும் எனத் தெரியாமையுமாகும். நடவும் களையெடுப்பும் உள்ள நாளில் கூலி உண்டு, கோடையில் இல்லை. முழுநிலாவில் பூ விற்கும், மறுநாள் வாடும். அவ்விடைவெளியில்தான் கந்துவட்டிக்காரன் நுழைகிறான். கிழமைதோறும் தவணை கேட்கும் நுண்கடன் குழுமத்தான் திண்ணையில் வந்து அமர்கிறான். செங்கற் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆள் பிடிப்பவன் முன்பணத்தை நீட்டுகிறான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது; ஆனால் முன்பணம் என்னும் கயிறு அறுந்துவிடவில்லை.

திங்கள்தோறும் தவறாது வரும் சிறுதொகை அவ்விடைவெளியை அடைக்கிறது. அரிசியும் எண்ணெயும் உறுதியாயின் முன்பணத்தை வேண்டாமென மறுக்கும் துணிவு பிறக்கிறது. மளிகைக் கடையில் கடன் நாணயம் ஏறுகிறது. மிச்சம் பிடித்து ஓர் ஆட்டுக்குட்டி. குட்டி வளர்ந்து ஈன்றால் பள்ளிச் செலவு. பின்னர்ப் பால்மாடு ஒன்று, கூட்டுறவுச் சங்கத்தில் நாள்தோறும் பால். மீண்டெழுதல் என்பது இவ்வாறு படிப்படியாக நிகழ்வதே. எந்தப் படியில் எதற்குச் செலவிட வேண்டும் என்பதை அவளைவிட நன்கு அறிந்த அலுவலர் எவரும் இலர். ஒருத்திக்குக் கூரை ஒழுகும், மற்றொருத்திக்குப் பிள்ளையின் காய்ச்சல், வேறொருத்திக்கு வட்டி. ஆடு கொடுக்கும் திட்டம் ஆட்டைத்தான் கொடுக்கும். தையற்பொறி கொடுக்கும் திட்டம் தையற்பொறியைத்தான் கொடுக்கும். பணம் ஒன்றே அவள் அறிவை மதித்துக் கொடுக்கப்படுவது.

“கேள்வியின்றிக் கொடுத்தால் வீணாக்குவர், சோம்பியிருப்பர்” என்பது பழைய பல்லவி. இது மெய்யா என்று ஆய்ந்து பார்த்ததுண்டு. தன்தொழில் செய்யும் மகளிர் அமைப்பாகிய சேவா, யூனிசெப் துணையுடன் 2011, 2012-ஆம் ஆண்டுகளில் மத்தியப் பிரதேசத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்குக் கட்டுப்பாடு ஏதுமின்றித் திங்கள்தோறும் பணம் கொடுத்தது. முதலில் பெரியவர்க்கு 200 உருபா, சிறுவர்க்கு 100 உருபா. பின்னர் 300, 150. விளைந்தது சோம்பலன்று. உழைப்பு மிகுந்தது, சிறுதொழிலும் கால்நடையும் பெருகின, கடன் தளர்ந்தது, பிள்ளைகளின் உடல்நலம் தேறியது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து உலக வங்கி ஆய்வாளர் இருவர் 2014-இல் வெளியிட்ட முடிவும், இத்தகைய பணம் குடிக்கும் புகைக்கும் போய்விடுகிறது என்னும் அச்சத்திற்குச் சான்றில்லை என்பதே.

இனி, தமிழ்நலம் நாடுவோரிடமிருந்தே எழும் ஒரு தடையுண்டு. “இஃது ஒப்போலைக்கு விலை, தமிழரைக் கையேந்திகளாக்கும் சூழ்ச்சி” என்பர். அவர்தம் சினத்தில் உண்மையில்லாமல் இல்லை. கட்சிகள் தம் வீட்டுச் சொத்தை எடுத்து வழங்குவதுபோல் படம் பதித்துப் பறைசாற்றுவது இழிவே. ஆனால், அவ்விழிவு கொடுப்பார் செயலில் உள்ளது. பெறுவாள் கையில் இல்லை. அவள் வாங்கும் உப்புக்கும் தீப்பெட்டிக்கும் பின்னே அவள் உழைப்பு நிற்கிறது; அரசின் கருவூலத்தில் அவள் வியர்வையும் உண்டு.

மற்றொரு கணக்கையும் பார்க்க. தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 2003-ஆம் ஆண்டு முதல் குடிக்கடைகளைத் தானே நடத்தத் தொடங்கியது. 2024-25-ஆம் ஆண்டில் அதன்வழி அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி உருபா. அதே ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்கப்பட்டது 13,720 கோடி. கணவன் கையிலிருந்து மூன்றரை பங்கு வாங்கி, மனைவி கையில் ஒரு பங்கு கொடுத்ததைக் கொடை என்பதா, கடனடைப்பு என்பதா? குடியால் சிதைந்த குடும்பத்துத் தாய்க்கு இத்தொகை இழப்பீட்டின் ஒரு சிறு தவணையே. குடிக்கடையை மூடுக என்று முழங்குவார், இத்தொகையை நிறுத்துக என்று முழங்குதல் பொருந்தாது.

குறை சொல்ல வேண்டுமாயின் வேறிடத்தில் சொல்க. 2023-இல் வந்த வேண்டுகைகள் ஏறத்தாழ 1 கோடியே 63 இலக்கம். தொடக்கத்தில் ஏற்கப்பட்டவை 1 கோடியே 6 இலக்கத்து 50 ஆயிரம். முறையீட்டால் பின்னர்ச் சேர்க்கப்பட்டோர் உளர், சேராதோரும் உளர். முதல் தவணை வந்தவுடனேயே, குறைந்த இருப்பு இல்லையென்று வங்கிகள் சில அப்பணத்தைப் பிடித்துக்கொண்டன. அமைச்சரே கண்டிக்க வேண்டியதாயிற்று. கைம்பெண் ஓய்வூதியம் பெறுவாள் உரிமைத் தொகை பெறாள் என்று அன்றைய விதி கூறியது. ஒரு குடும்ப அட்டைக்கு ஒருத்தியே என்பது மற்றொரு விதி. கைவிடப்பட்டுத் தாய்வீடு வந்தவளின் பெயர் பெரும்பாலும் கணவன் வீட்டு அட்டையிலேயே கிடக்கும். அவ்வட்டையின் தொகை மாமியார்க்குப் போகும். தாய்வீட்டு அட்டையிலோ அவளைப் பெற்றவள் தலைவி. ஒரு தாளில் பெயர் பிரியாமையால் ஒரு தாய் இல்லாதவளாகிவிடுகிறாள்!

ஆகவே வேண்டுவன சில. கைவிடப்பட்ட தாய்க்கு அவள் சொல்லையும் ஊராரின் சான்றையும் ஏற்றுத் தனிக் குடும்ப அட்டை வழங்குக. முப்பது அகவை, ஐந்தாண்டு என்னும் பூட்டுகளை உடைத்தெறிக. உரிமைத் தொகையில் வங்கிகள் கைவைப்பதைச் சட்டத்தால் தடுக்க. விலையேற ஏறத் தொகையும் ஏறுமாறு செய்க. எக்கட்சி ஆளினும் எடுக்கவொண்ணாதபடி அதனைச் சட்டமாக்குக. ஆள்வோர் மனம் மாறினால் நின்றுவிடும் உரிமை, உரிமையாகாது.

அண்ணாமலை வழியில் பூக்கூடையுடன் அமர்ந்திருக்கும் அத்தாய் ஒருநாள் வட்டாட்சியர் அலுவலகத்துப் படியேறி, தலை நிமிர்ந்து, தாழ்ந்தோன் சொல்லாகிய ‘ஈ’ என்பதை நாவினின்று உதறிவிட்டுக் ‘கொடு’ என்று கேட்கட்டும். அச்சொல் அவளுக்குரியது. தமிழ் அதனை என்றோ அவளுக்காக ஆக்கி வைத்துவிட்டது.