மலைக்காடும் வயற்காடும்

திருநெல்வேலிச் சீமையில் கார், பிசானம் என்னும் இரு போகமும் விளைவிக்கும் குடியானவர் ஒருவரிடம், வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அவர் கால்வாயைக் காட்டுவார்; சற்று யோசித்தால் அணைக்கட்டைக் காட்டுவார். அதற்கும் அப்பால், மேற்கே நிற்கும் பொதிகை மலையையும் அதன்மேல் அடர்ந்துள்ள மழைக்காட்டையும் காட்டுவோர் மிகச் சிலரே. உண்மையில் அக்காடே தாமிரபரணிப் பாசனத்தின் முதற் குளம். கரையும் மடையும் இல்லாத குளமாதலால், அதற்கும் மராமத்து வேண்டும் என்னும் நினைவு எவருக்கும் எழுவதில்லை. இந்த மறதியே காட்டிற்குப் பெரும் அபாயமாகும்.

காடு எவ்வாறு குளமாகிறது என்பதை அறிதல் அவசியம். இம்மலையில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. வானளாவிய மரங்கள் மேலடுக்காகவும், சிறு மரங்கள் நடுவடுக்காகவும், செடிகொடிகள் கீழடுக்காகவும் நின்று மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. தரையில் மெத்தைபோல் கிடக்கும் சருகும் மட்கும் நீரை உறிஞ்சி, வேர்கள் செய்த துளைகளின் வழியே மண்ணுக்குள் இறக்குகின்றன. அந்நீர் பாறை இடுக்குகளில் தங்கி, மழை ஓய்ந்த பின்னரும் ஊற்றாய்க் கசிந்து ஓடையாகிறது. தாமிரபரணி வற்றாத நதியென்று பெயர் பெற்றதற்கு இரு பருவ மழையும் இக்காட்டின் சேமிப்பும் சேர்ந்தே காரணமாகும். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள 8 அணைக்கட்டுகளும், அவற்றால் பாசனம் பெறும் 86,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் இச்சேமிப்பை நம்பியவையே.

இவ்வளவு செழித்த காடு நிற்கும் மண் மிக வளமானதாயிருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மழைக்காட்டின் சத்தில் பெரும்பகுதி மண்ணில் இல்லை. மரத்திலும் இலையிலும் மேற்பரப்புச் சருகிலும் உள்ளது. விழும் இலை விரைவில் மட்கி, வேரால் மறுபடியும் உறிஞ்சப்படுகிறது. மரத்தை வெட்டித் தீயிட்டால் சாம்பலின் சத்து சில போகங்களுக்கே நிற்கும். பின் மழை மேல்மண்ணை அரித்துச் சென்று அணைகளில் வண்டலாகச் சேர்க்கும். மலையில் இழந்த மண் வயலுக்கு எருவாவதில்லை; அணையின் கொள்ளளவைக் குறைக்கவே பயன்படும்.

காடு இருந்தால் வெள்ளமே வராது என்று கூறுவது மிகையாகும். 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது போன்ற மழையை எக்காடும் முற்றும் தாங்காது. ஆயினும் ஏனைய வருஷங்களில் பெருக்கைத் தணித்து, கோடையில் ஒழுக்கைக் காப்பது காடே. குடியானவருக்கு வேண்டியது அவ்விதச் சாதாரண வருஷத்தின் உறுதிதான்.

மற்றொரு நன்மையும் உண்டு. மிளகும் ஏலமும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் தோன்றிய பயிர்கள். அவற்றின் காட்டு இனங்கள் இன்றும் அங்கே உள்ளன. தோட்டப் பயிரை நோய் தாக்குங்கால், அதனைத் தாங்கும் குணத்தை அக்காட்டு இனங்களிடமிருந்தே தேட வேண்டியிருக்கும். ஒருமுறை அழிந்த வித்தை எந்தப் பண்ணையிலும் மீண்டும் உண்டாக்க இயலாது. பெருங்கனி மரங்களின் விதைகளைப் பரப்பும் இருவாச்சிப் பறவையைக் காப்பதும் இக்காரணத்தால் வெறும் வேடிக்கையன்று.

காடு சும்மா கிடக்கும் நிலம், வருமானம் தரும் பயிரிடுவதே மேல் என்று வாதிப்போர் உண்டு. 1929-ஆம் வருஷத்தில் சிங்கம்பட்டி ஜமீன் காட்டில் 8,000 ஏக்கருக்கு மேல் 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டுத் தேயிலை பயிராயிற்று. அக்குத்தகை 2028-இல் முடிகிறது. தேயிலைச் செடி ஓரடுக்கே உள்ளது. காட்டின் வேலையை அது செய்யாது. ஆதலின் அந்நிலம், அம்மலைக்கே உரிய மரவகைகளைக் கொண்டு, மறுபடியும் காடாவதே நியாயம். அதே சமயம், தலைமுறைகளாய் அங்கே உழைத்த குடும்பங்களுக்கு வீடும் பிழைப்பும் தருவதும் அந்நியாயத்தின் பகுதியேயாகும். கீழேயுள்ள வயலின் நன்மைக்காக மேலேயுள்ள ஏழையை நட்டாற்றில் விடுதல் தகாது.

சட்டத்தால் மட்டும் காடு நிலைக்காது. களக்காடு, முண்டந்துறைக் காடுகள் 1988-இல் புலிகள் காப்பகமாயின. அதன் பின்னரும் அடிவாரத்து ஏழைகள் விறகுக்காக மலையேறவே செய்தனர். 1990-களில் கிராம வனக்குழுக்கள் அமைத்து, கைத்தொழிலுக்குக் கடனும் சாண எரிவாயு அடுப்பும் கொடுத்த பிறகே விறகுச்சுமை குறையலாயிற்று. அடுப்பெரிய வேறு வழி கிடைத்தவன் மரத்தை வெட்ட மலையேற மாட்டான் என்பதே இதனால் விளங்கும் பாடம்.

எனவே பாசனக்காரர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. விறகு மரங்களைத் தம் வரப்பிலும் ஊர்ப் புறம்போக்கிலும் வளர்த்தல். கோடையில் மலைச்சரிவில் தீ வைப்போரைத் தடுத்தல். சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கும் பாபநாசத்திற்கும் செல்வோர் துணியையும் பிளாஸ்டிக்கையும் ஆற்றில் விடாதபடி பார்த்துக்கொள்ளுதல். கால்வாய் மராமத்தைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் காட்டின் நிலையையும் கேட்டறிதல் ஆகியனவாம். வாய்க்கால் உடைந்தால் ஊர் கூடி ஓரிரவில் அடைத்துவிடலாம். அழிந்த மழைக்காட்டை அடைக்க ஒரு தலைமுறையும் போதாது. மடை திறக்கும் ஒவ்வொருவரும் இதனை நினைவில் வைப்பாராக.