ஆட்டத்தில் இல்லாத மூவர்



போரை விளையாட்டாக்கி மகிழும் வழக்கம் மனித குலத்திற்குப் புதிதன்று. யானை, குதிரை, தேர், காலாள் எனும் நால்வகைப் படையையும் பலகையின்மீது நிறுத்தி ஆடும் சதுரங்கம் நம் நாட்டிலே பிறந்ததாகும். 1824ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி, நிலப்படத்தின்மீது சிறு கட்டைகளை நகர்த்தியும் பகடை உருட்டியும் ஆடுகின்ற போர் ஆட்டம் ஒன்றை வகுத்தளித்தார். அந்நாட்டுப் படையினர் அதனைப் பயிற்சியாகவே மேற்கொண்டனர். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் முறையை 1913இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். மெய்யான போரைக் காட்டிலும் பொம்மைப் போர் எவ்வளவோ மேலானது என்பது அவர்தம் கருத்து. மறு ஆண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டது.

இன்று அப்பலகையும் பொம்மைகளும் கணினித் திரைக்குள்ளும் கைபேசிக்குள்ளும் குடியேறிவிட்டன. நம் இல்லங்களில் பிள்ளைகள் அவற்றின்முன் அமர்ந்து படை நடத்துகின்றனர். இதனைப் பற்றி இம்மாதம் எழுத நம்மைத் தூண்டியது ஒரு தாயின் கேள்வி. அவருடைய மகன் கல்லூரியில் முதலாண்டு பயில்பவன். "சாமி, அவன் நல்ல பிள்ளைதான், படிப்பிலும் குறைவில்லை. ஆனால் நேற்று இரவு கணினியின்முன் உட்கார்ந்துகொண்டு, 'ஆறு பேர்தானே, போனால் போகட்டும், வேறு ஆள் எடுத்துக்கொள்ளலாம்' என்று நண்பனிடம் சொன்னான். அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. இதைத் தடுப்பதா, விடுவதா?" என்று அவர் வினவினார்.

காணாத ஒன்றைப் பற்றித் தீர்ப்பளித்தல் முறையன்று. எனவே அம்மகனின் அருகில் இரண்டு மாலைப் பொழுதுகள் அமர்ந்து, அவன் ஆடுவதைப் பார்த்தோம். அவனும் மனங்கோணாமல் அனைத்தையும் விளக்கினான்.

ஆட்டத்தின் பெயர் 'கம்பெனி ஆஃப் ஹீரோஸ்'. கானடா நாட்டு வான்கூவர் நகரிலுள்ள ரெலிக் என்னும் நிறுவனம் உருவாக்கி, 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2020 முதல் கைபேசியிலும் கிடைக்கிறது. 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் நேசநாட்டுப் படைகள் பிரான்சு நாட்டின் நார்மண்டிக் கரையில் இறங்கியதும், அதன்பின் அங்கு நடந்த போரும் இதன் கதைக்களம். இதனை நிகழ்நேர வியூக ஆட்டம் என்பர். சதுரங்கத்தில் நாம் காய் நகர்த்தும்வரை எதிராளி காத்திருப்பார். இதிலோ காத்திருத்தல் என்பதே இல்லை. இரு தரப்பாரும் ஒரே வேளையில் ஆணையிட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். ஒரு மூலையை நோக்கும்போது மறு மூலை கைவிட்டுப் போகும்.

நிலம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதியையும் கைப்பற்றக் கைப்பற்ற ஆள்பலம், வெடிபொருள், எரிபொருள் எனும் மூன்று கணக்குகள் திரையின் ஓரத்தில் ஏறுகின்றன. தலைமை முகாமோடு தொடர்பு அறுந்துபோன பகுதி பயன் தருவதில்லை. இயந்திரத் துப்பாக்கி சுடத் தொடங்கினால் வீரர்கள் அஞ்சித் தரையோடு தரையாகப் படுத்துவிடுவர். கற்சுவரும் குண்டு விழுந்த குழியும் அவர்களுக்கு மறைவிடமாகும். இவையெல்லாம் போரின் மெய்யான இயல்புகளே. முன்யோசனை, பொறுமை, உள்ளதைக்கொண்டு சமாளிக்கும் திறன் ஆகியவை இல்லாதவர் இதில் வெல்ல முடியாது. இத்தகைய ஆட்டம் ஆடுபவன் கொலைஞனாகிவிடுவான் என்று சிலர் அச்சுறுத்துவதுண்டு. அதற்கு உறுதியான சான்று ஏதுமில்லை; அவ்வாறு கூறிப் பெற்றோரைக் கலங்கச் செய்ய நாம் விரும்பவில்லை.

எனினும் அத்தாயைத் துணுக்குறச் செய்த அந்த 'ஆறு பேர்' யார் என்பதைக் கண்டுகொண்டோம். துப்பாக்கி ஏந்திய அமெரிக்கக் காலாட்குழு ஒன்றில் அறுவர் இருப்பர். அவர்களுள் சிலர் மாண்டால், ஆள்பலக் கணக்கில் சிறிது செலவிட்டு அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளலாம். அறுவருமே மாண்டால் புதிய குழுவொன்றை வரவழைக்கலாம். செத்தவர் பெயரைக் கேட்பார் இல்லை. ஆட்டத்தின் விதி அதுவேயாதலால், அம்மகன் கொடுமையாகப் பேசிவிடவில்லை, விதியின்படியே பேசினான். நம் கவலை அவன் சொன்ன சொல்லைப் பற்றியதன்று; அவன் பார்வையிலிருந்து மறைக்கப்பட்டவர்களைப் பற்றியது. நாம் பார்த்திருந்த நேரம் முழுவதும் அந்தப் போர்க்களத்தில் மூவரைக் காணோம்.

முதலாவது, தாய்.

ஆட்டத்தின் கதை, ஓமகா எனப் பெயரிடப்பட்ட கடற்கரையில் 'ஏபிள் கம்பெனி' கரையிறங்குவதோடு தொடங்குகிறது. ஆங்கில முதலெழுத்தைக் குறிக்க அந்நாளைய அமெரிக்கப் படையில் வழங்கிய சொல்லே ஏபிள். கதையில் வரும் வீரர்கள் கற்பனை மாந்தர். ஆனால் அன்று அக்கரையில் முதல் அலையாக இறங்கியவர்களுள் 29ஆம் டிவிஷனைச் சேர்ந்த 116ஆம் ரெஜிமெண்டின் 'ஏ' கம்பெனி மெய்யாகவே இருந்தது. வர்ஜீனியா மாநிலத்துப் பெட்ஃபோர்டு என்னும் சிற்றூரின் இளைஞர் பலர் அதில் பணியாற்றினர். ஏறத்தாழ 3,200 பேரே வாழ்ந்த அவ்வூர், அந்த ஒரு நாளிலே தன் மைந்தருள் இருபதின்மர் அளவில் பறிகொடுத்தது. ஜூலை நடுவில், அவ்வூர் மருந்துக் கடையில் இருந்த தந்தி எந்திரம் சாவுச் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக அடித்துத் தள்ளியது.

ஹோபாக் என்னும் குடும்பத்திற்கு இரண்டு தந்திகள் வந்தன. அண்ணன் பெட்ஃபோர்டு, தம்பி ரேமண்ட் இருவருமே திரும்பவில்லை. தம்பியின் உடல்கூடக் கிடைக்கவில்லை. கடற்கரை மணலில் கிடந்த அவனது விவிலியத்தைக் கண்டெடுத்த வேறொரு படைவீரர், அதனை அஞ்சல் வழியே பெற்றோருக்கு அனுப்பிவைத்தார். அது அத்தாய் தம் மகனுக்குப் பரிசாகத் தந்த நூல். மகனுக்குப் பதிலாக அந்நூல் வீடு திரும்பியது. ஆள்பலக் கணக்கில் இத்தாய்க்கு இடமேது?

இரண்டாவது, வீட்டுக்காரர்.

நாம் பார்க்கையில், அம்மகன் ஒரு கல்வீட்டின் மாடியில் இயந்திரத் துப்பாக்கிக் குழுவை நிறுத்தினான். எதிரியின் பீரங்கி அவ்வீட்டை இடித்துத் தள்ளவே, அடுத்த வீட்டிற்கு நகர்த்தினான். சன்னல்களும் கூரைகளும் அழகாக வரையப்பட்டிருந்த அவ்வூரில் ஒரு கிழவரையோ குழந்தையையோ நாம் காணவில்லை. "தம்பி, இந்த வீட்டில் இருந்தவர்கள் எங்கே?" என்று கேட்டோம். அவன் சற்றே திகைத்து, "அது ஆட்டத்தில் வராது, ஃபாதர்" என்றான்.

வரலாற்றில் அது வருகிறது. ஆட்டத்தில் இடம்பெறும் ஊர்களுள் ஒன்று சேன்-லோ. முக்கியச் சாலைகள் கூடும் இடமாதலால், ஜெர்மானியப் படை அவ்வழியே விரைந்து வருவதைத் தடுக்கக் கருதி, 1944 ஜூன் 6ஆம் நாள் மாலையும் இரவும் நேசநாட்டு விமானங்கள் அதன்மேல் குண்டு பொழிந்தன. வீடுகளிலே நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஜெர்மானியர் சிறை வைத்திருந்த பிரெஞ்சுக் கைதிகள், பூட்டிய சிறைக்குள்ளேயே மடிந்தனர். அச்சிறையின் வாயில் மட்டும் இன்று நினைவுச் சின்னமாக நிற்கிறது. ஜூலை 18இல் அமெரிக்கர் ஊருக்குள் நுழைந்தபோது, ஊர் என்று சொல்வதற்கு அங்கே கற்குவியலே எஞ்சியிருந்தது. நோத்ர்-தாம் ஆலயத்தின் இடிந்த முகப்பைப் பின்னாளில் பழைய வடிவில் கட்டாமல், அவ்விடைவெளியை வெறுங் கற்சுவரால் மூடி, வடு தெரியும்படியே விட்டுவைத்துள்ளனர். நார்மண்டிப் போரில் உயிரிழந்த பொதுமக்கள் ஏறத்தாழ 20,000 பேர் என்பர். அவர்களுள் பெரும்பாலோர் விடுதலை அளிக்க வந்தவர்களின் குண்டுகளாலேயே மாண்டனர். நியாயமான போருக்கும் இத்தகைய விலை உண்டென்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

மூன்றாவது, காயமுற்றவர்.

இவருக்கு ஆட்டத்தில் ஓர் இடம் உண்டு எனலாம். மருத்துவ முகாம் ஒன்றை அமைத்துவிட்டால், அதன் பணியாளர் ஓடிச்சென்று களத்தில் துடிப்போரைத் தூக்கி வருவர். குறித்த எண்ணிக்கை சேர்ந்ததும், செலவேதுமின்றிப் புதிய குழுவொன்று துப்பாக்கியோடு வெளியே வரும். காயமுற்றவரை ஏன் காப்பாற்ற வேண்டும்? மீண்டும் சுடுவதற்காக! அவ்வளவே அங்கு விடை.

அதே போரில், ஆட்டத்தில் வரும் காரென்டான் நகருக்கு அருகே, ஆங்கோவில்-ஓ-பிளேன் என்னும் குக்கிராமத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிற்றாலயம் ஒன்றுண்டு. கைம்மாறு பெறாமல் மருத்துவம் செய்து மறைசாட்சிகளாக மரித்த புனிதர்கள் கோஸ்மாஸ், தமியான் இருவரின் பெயரால் அமைந்தது அது. 101ஆம் வான்குடைப் படையைச் சேர்ந்த ராபர்ட் ரைட், கென்னத் மூர் என்னும் இரு மருத்துவப் பணியாளர்கள் அதற்குள் காயமுற்றோரைக் கொண்டுவந்து சேர்த்தனர். இருவருக்கும் வயது இருபதையொட்டியதே. ஊர் ஒரு தரப்பிலிருந்து மறு தரப்பிற்கு மாறி மாறிப் போயிற்று. அவர்களோ அசையவில்லை. ஆயுதம் ஆலயத்திற்குள் வரலாகாது என்பது அவர்கள் வகுத்த விதி. அமெரிக்கர், ஜெர்மானியர் என்ற வேற்றுமையின்றி ஏறத்தாழ 80 பேருக்கும் உள்ளூர்க் குழந்தை ஒன்றிற்கும் பணிவிடை செய்தனர். உள்ளே நுழைந்த ஜெர்மானியர், தம்மவரும் அங்கே பேணப்படுவதைக் கண்டு, தீங்கு செய்யாது அகன்றனர். கூரையைப் பிளந்து விழுந்த குண்டொன்று வெடிக்காமல் தரைக்கல்லை மட்டும் விரியச் செய்தது. அந்த விரிசலையும், மர இருக்கைகளில் ஊறிய இரத்தக் கறையையும் இன்றும் காணலாம். மருத்துவரான அப்புனிதர்களின் ஆலயத்தில் மருத்துவமே நடந்தது. இதைவிடப் பொருத்தமான வழிபாடு எது?

இவற்றையெல்லாம் அம்மகனிடம் சொன்னபோது, அவன் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "ஃபாதர், இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தால் ஜெயிக்கவே முடியாது" என்றான். நேர்மையான சொல். படைத்தலைவர்கள் யாவரும் சுமந்த பாரமும் அதுவே. கரையிறங்குவதற்கு முந்திய மாலை, ஜூன் 5ஆம் நாள், தலைமைத் தளபதி ஐசனோவர் அதே 101ஆம் படையின் வீரர்களிடம் சென்று, ஊரையும் தொழிலையும் கேட்டு உரையாடினார். அவர்களுள் மிகப் பலர் மாளக்கூடும் என்று விமானப்படைத் தளபதி முன்னரே எச்சரித்திருந்தார். கணக்கு அவருக்குத் தெரியும். இருந்தும் முகத்தைப் பார்க்கச் சென்றார். முயற்சி தோற்றால் பழி முழுவதும் தம்முடையதே என்று ஒரு தாளில் எழுதித் தம்மிடம் வைத்துக்கொண்டார். கணக்கும் வேண்டும், முகமும் தெரிய வேண்டும். இரண்டையும் ஒருங்கே சுமப்பவனே தலைவன். ஆட்டம் கற்பிப்பது கணக்கை மட்டுமே. முகத்தைக் காட்டுவது நம் பொறுப்பு.

ஆகவே அத்தாய்க்கு நாம் சொன்ன மறுமொழியை உங்களுக்கும் சொல்கிறோம். இவ்வாட்டம் பதினேழு வயதிற்கு மேற்பட்டவர்க்கே உரியது என்று அமெரிக்கத் தரநிர்ணயக் குழு குறித்துள்ளது. எனவே சிறுவர் கையில் இதனைத் தருதல் கூடாது. வளர்ந்த பிள்ளைக்கு நேர அளவு வேண்டும். உணவும் உறக்கமும் குடும்பச் செபமும் ஆட்டத்திற்காகத் தள்ளிவைக்கப்படலாகாது. இவற்றிற்கு மேல், வெறுந் தடையை நம்பாதீர்கள். கதவை மூடிக்கொண்டு ஆடும் பிள்ளையின் அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமருங்கள். அவன் திறமையை மெச்சுங்கள். பின்பு குற்றஞ்சாட்டும் குரலின்றிக் கேளுங்கள்: இந்த வீட்டில் யார் இருந்தார்கள்? இந்த அறுவரின் பெயர் என்ன? காயம்பட்டவன் குணமடைந்தபின் எங்கே போவான்? விடை உடனே வராவிட்டாலும் கேள்வி அவன் உள்ளத்தில் தங்கும். மனிதரை எண்ணிக்கையாக நோக்கும் சோதனை போர்க்களத்தோடு நிற்பதில்லை. நாளை அவன் அதிகாரியாகும்போதும், முதலாளியாகும்போதும் அது அவனைத் தேடி வரும்.

ராபர்ட் ரைட் 2013ஆம் ஆண்டில் காலமானார். தம் சொந்த நாட்டில் அடக்கமாகும் உரிமை இருந்தும், அவர் அந்தச் சிற்றாலயத்தின் கல்லறைத் தோட்டத்தையே விரும்பினார். பெயரின் முதலெழுத்துகள் மட்டும் பொறித்த கல்லின்கீழ் அங்கே துயில்கிறார். எத்தனை பேரை வீழ்த்தினார் என்று அவரைக் குறித்து எவரும் கேட்பதில்லை. எத்தனை பேரைப் பேணினார் என்றே கேட்கின்றனர்.