வாரம் ஒரு தலைப்பு, ஒரு படம்

பொழுதுபோக்குகள் பலவிதம். தபால்தலை சேர்ப்போர், பூத்தையல் போடுவோர், தோட்டம் வளர்ப்போர் எனப் பலரை நாம் அறிவோம். இன்று வீட்டுக்கு வீடு செல்போன் இருப்பதால் புகைப்படம் எடுப்பதும் எல்லோருக்கும் எட்டும் பொழுதுபோக்காகிவிட்டது. ஆயினும் எடுக்கும் படங்களில் பல நம் முகங்களும் நம் தட்டிலுள்ள பலகாரங்களுந்தாமே? வாரம் ஒரு தலைப்பு வைத்துக்கொண்டு, அதற்கேற்ற படம் எடுக்கும் பழக்கமே மாணவியருக்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து.

தோழியர் சிலர் கூடி, திங்கட்கிழமை சீட்டுக் குலுக்கித் தலைப்பைத் தேர்ந்தெடுக்கிறோம். 'தண்ணீர்', 'கதவு', 'உழைக்கும் கைகள்' என எளிய சொற்களே. எத்தனை படம் எடுத்தாலும் ஒன்றைத்தான் காட்டலாம் என்பது விதி. பரிசு கிடையாது, முதலிடமும் கிடையாது.

தலைப்பு ஒன்று கிடைத்துவிட்டால் பழகிய ஊரும் புதிதாகத் தெரிகிறது. 'தண்ணீர்' என்றதும் தெப்பக்குளத்தில் தலைகீழாகத் தெரியும் மலைக்கோட்டையைத் தேடிப் போகிறோம். 'கதவு' என்றால் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி, உத்திர வீதிகளில் திண்ணை வைத்த பழைய வீடுகள் கண்ணில் படுகின்றன. 'உழைக்கும் கைகள்' என்றால் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குவோரும் பூத்தொடுக்கும் பாட்டிமாரும் நினைவுக்கு வருகிறார்கள்.

இது வெறும் விளையாட்டன்று. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லினேயஸ் டிரைப் நம் ஊருக்கு வந்து எடுத்த படங்கள், திருச்சிக்கு ஒன்று, ஸ்ரீரங்கத்துக்கு ஒன்று எனத் தனித்தனித் தொகுதிகளாக 1858இல் வெளிவந்தன. பெரிய காமிராவைச் சுமந்து, காகித நெகட்டிவில் எடுத்த படங்கள் அவை. அக்காலத்து நம் ஊரைக் காண இன்றும் அவை உதவுகின்றன. இன்று 236 அடி உயர்ந்து நிற்கும் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 1987இல்தான் நிறைவு பெற்றது. அதற்கு முன் அது மொட்டைக் கோபுரமாக நின்ற தோற்றத்தை நமக்குக் காட்டுபவை பழைய படங்களே. 1928இல் கட்டப்பட்ட கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடிந்து விழுந்தது. அதற்கு முன் யாரோ ஒருவர் பொழுதுபோக்காக எடுத்த படம் இன்று ஊரின் சொத்து அல்லவா? ஆகவே படத்தின் கீழே இடமும் தேதியும் எழுதி வைப்பது மிக அவசியம். அவை இல்லாத படம் ஊமைக்குச் சமம்.

"படிப்பு கெட்டுவிடும், பெண்பிள்ளை காமிராவும் கையுமாகத் தெருவில் நிற்பதா?" என்று பெரியோர் சிலர் கேட்கலாம். வாரத்தில் ஒரு மணி நேரத்தில் படிப்பு கெடாது. தோழியர் சேர்ந்து போனால் அச்சமும் இல்லை. நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா காமிராவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் நடுவே நின்று பணியாற்றியவர். 2011இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. அவர் நின்ற இடத்தில் நாம் நிற்கக் கூடாதா?

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. பிறரைப் படம் பிடிக்குமுன், "ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா, பாட்டி?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் காமிராவைத் தாழ்த்திவிட வேண்டும். அம்மா மண்டபத்தில் நீராடுவோரும் திதி கொடுப்போரும் நம் தலைப்புக்காக அங்கே வரவில்லை. நம் படத்தை நம்மைக் கேளாமல் ஒருவர் எடுத்தால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படியே அவர்களுக்கும். தடை செய்த இடங்களில் எடுக்காதிருப்பதும் இப்பழக்கத்தின் ஒழுக்கமே.

எனவே தோழியரே, விலையுயர்ந்த காமிராவுக்காகக் காத்திருக்க வேண்டாம். வீட்டிலுள்ள செல்போனே போதும். வரும் வாரத்துக்கு 'எங்கள் தெரு' என்பதையே தலைப்பாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஓராண்டில் ஐம்பத்திரண்டு படங்கள் சேரும். அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் நம் திருச்சி அவற்றில் இருக்கும்.