மெமரி ஃபுல்: யாருக்கு இடமில்லை?

போன கார்த்திகையில் கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் நம் தெரு ஒன்றில் ஒரு பாட்டி இறந்துபோனார். சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. பாதை இருக்க வேண்டிய இடத்தில் சம்பா நின்றது. முழங்கால் சேற்றில் பாடை தூக்கிப் போவது அந்தத் தெருவுக்குப் பழகிப்போன ஒன்று. அன்றைக்கு மட்டும் இளைஞர்கள் மறுத்துவிட்டார்கள். பாடையைச் சாலையில் இறக்கி வைத்து உட்கார்ந்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஓர் அதிகாரி வந்தார். எதிர்த்தரப்பும் வந்தது. பேச்சு நடந்தது.

படம் எடுக்கும் பொறுப்பு ஒரு தம்பியிடம் இருந்தது. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் அவன் அண்ணன் வாங்கி அனுப்பிய போன். புதுசு, அந்தக் கம்பெனியின் உச்ச மாடல், 128 ஜிபி. கேமராவைப் பற்றி ஊரே பேசும். அவன் 4கே-யில் எடுத்துக்கொண்டிருந்தான். பேச்சு சூடாகி, எதிர்த்தரப்பில் ஒருவர் எழுந்து சாதிப் பெயரைச் சொல்லித் திட்டிய நேரத்தில் போன் நின்றுவிட்டது. திரையில் ஒரு வரி: இடமில்லை. எதை அழிப்பது என்று அவன் தேடிக்கொண்டிருந்த நிமிடங்களில்தான், "அறுவடை முடிஞ்சதும் பாதை அளந்து தர்றேன்" என்று அந்த அதிகாரி எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அறுவடை முடிந்தது. அதிகாரி மாற்றலாகிப் போனார். அப்படி ஒரு வாக்குறுதியே கிடையாது, யாரும் யாரையும் திட்டவும் இல்லை என்கிறது எதிர்த்தரப்பு. நம்மிடம் இருப்பது அதற்கு முந்தைய இருபத்திரண்டு நிமிடம். தெளிவான படம், துல்லியமான ஒலி, ஒன்றுக்கும் உதவாத பேச்சு.

"மெமரி ஃபுல் ஆயிடுச்சுண்ணே" என்று அவன் என்னிடம் சொன்னபோது அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என்மேல் வந்தது. 'எதையும் பதிவு செய்' என்று பயிற்சி கொடுத்தவன் நான். பதிவை எங்கே வைப்பது என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை.

இதைப் படிக்கும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். எண்பதாயிரம் ரூபாய் போனில் இடம் போதவில்லை என்பதெல்லாம் சாதி ஒழிப்புப் பிரச்சினையா, அது வசதி உள்ளவர்களின் புலம்பல் அல்லவா என்று கேட்கலாம். வசதி உள்ளவருக்கு அது புலம்பல்தான். மெமரி நிறைந்தால் அவர் கல்யாண வீடியோவை லேப்டாப்புக்கு மாற்றுவார், அல்லது இன்னொரு போன் வாங்குவார். நம் வீடுகளில் போன்தான் கேமரா, லேப்டாப், பீரோ எல்லாம். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பட்டா நகல், அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட், கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்த மனு எல்லாம் அதற்குள்தான். அதில் இடம் தீர்ந்தால் நமக்கு வேறு இடம் கிடையாது.

பதிவு இல்லாமல் நாம் பட்டதை இந்த மண்ணில் நின்று சொல்கிறேன். கூத்தாநல்லூரிலிருந்து சிறிது தூரத்தில் நீடாமங்கலம். 1937 டிசம்பரில் அங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டில் நம்மவர்கள் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்காக அவர்களை அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் கொடுத்து அவமானப்படுத்தினார்கள். அதை வெளியே கொண்டுவந்த 'விடுதலை' ஏட்டின்மீது அவதூறு வழக்குப் போட்டார்கள். அடித்தவனுக்கு மானம் போய்விட்டதாம். அடிபட்டவன் நிரூபிக்க வேண்டுமாம்.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பார்த்தவர்கள் இருந்தார்கள், சாட்சியும் சொன்னார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்ததை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. கார் வைத்திருக்கும் பணக்கார மிராசுதார்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கூலிக்காரன் கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், காரின் கௌரவம் மறுபக்கம். தட்டு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நமக்குத் தெரியும்.

இப்போது 2015-க்கு வாருங்கள். கோகுல்ராஜ் கொலை. உயிரோடு கடைசியாக அவர் காணப்பட்ட திருச்செங்கோடு மலைக்கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு வழக்கில் முக்கியமான சான்றானது. மனித சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தது. கேமரா பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சாட்சியை மிரட்டலாம், விலைக்கு வாங்கலாம், ஊரைவிட்டு விரட்டலாம். பதிவை அப்படிச் செய்ய முடியாது. ஆனால் பதிவு இருக்க வேண்டும். இருக்க ஓர் இடம் வேண்டும்.

அந்த இடத்தைத்தான் இந்தக் கம்பெனிகள் அளந்து அளந்து விற்கின்றன. கணக்கைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் ஐபோன் 16 இந்தியாவுக்கு வந்தபோது 128 ஜிபி 79,900 ரூபாய், 256 ஜிபி 89,900 ரூபாய். கேமரா ஒன்று, திரை ஒன்று, சிப் ஒன்று. கூடுதல் 128 ஜிபிக்கு மட்டும் 10,000 ரூபாய். அதே அளவு மெமரி கார்டு அப்போது கடையில் ஆயிரம் ரூபாய்ச் சுற்றில் கிடைத்தது. போனுக்குள் இருக்கும் மெமரி கார்டைவிடப் பல மடங்கு வேகம், நம்பகமும் அதிகம், இதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பத்து மடங்கு விலையா? அடுத்த ஆண்டு ஐபோன் 17-இல் ஆரம்ப அளவை 256 ஆக்கினார்கள். ஆரம்ப விலை 82,900 ஆனது. இத்தனை ஆண்டுகளாக 128-ஐ ஆரம்பமாக வைத்திருந்தது முடியாமல் அல்ல என்பது இதிலேயே தெரிகிறது.

படம் எடுத்தால் எவ்வளவு இடம் போகும் என்பதையும் அதே கம்பெனி போனின் செட்டிங்ஸில் எழுதி வைத்திருக்கிறது. 4கே, நொடிக்கு 60 பிரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி. ஒரு மணி நேரப் போராட்டத்துக்கு 24 ஜிபி. அதாவது கேமராவைப் பெருமையாகக் காட்டி விற்கிறார்கள், அந்தக் கேமராவை முழுதாகப் பயன்படுத்த இடம் தரமாட்டார்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு இலைக்குத் தனிக் காசு கேட்பது போல.

சரி, கார்டு போட்டுக்கொள்ளலாமே? ஐபோனில் கார்டுக்கு இடமே எப்போதும் இருந்ததில்லை. சாம்சங்கின் கேலக்ஸி எஸ் வரிசையில் இருந்தது. 2021 ஜனவரியில் வந்த எஸ்21-இல் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி கூகுள் போட்டோஸ் தன் வரம்பற்ற இலவசச் சேமிப்பை நிறுத்தியது. ஒருவர் பின்வாசலை அடைத்தார், இன்னொருவர் முன்வாசலில் டிக்கெட் போட்டார். இருவரும் பேசி வைத்துச் செய்ததாக நான் சொல்லவில்லை. நடுவில் மாட்டியவர்கள் யார் என்பதைத்தான் சொல்கிறேன்.

'கிளவுட்டில் போட்டுக்கொள்' என்பார்கள். ஆப்பிள் இலவசமாகத் தருவது 5 ஜிபி. 2011-இல் தந்ததும் அதே 5 ஜிபிதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் 50 ஜிபிக்கு மாதம் 75 ரூபாய். சின்னத் தொகைதானே என்று தோன்றும். டெல்டாக்காரனுக்கு இது என்னவென்று புரிய வேண்டும். இது குத்தகை. நெல் நம்முடையது, நிலம் அவனுடையது. கட்டும்வரை இருக்கலாம், கட்டாவிட்டால் வெளியே. மிராசுதார் நினைத்த நேரத்தில் வெளியேற்றுவதைத் தடுக்க 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் எத்தனை செங்கொடிப் போராட்டம், எத்தனை சிறை! கிளவுட் குத்தகைக்கு என்ன பாதுகாப்பு? வேலை போய் மூன்று மாதம் பணம் கட்டாதவனின் வழக்குச் சான்று என்ன ஆகும்? அது போக, சாலை மறியல் நடக்கும் வயல்வெளியில் இருபத்திநான்கு ஜிபியை மேலே ஏற்ற சிக்னல் எங்கே இருக்கிறது?

இன்னொன்றையும் மறக்காதீர்கள். இந்த ஐபோன்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கோர்க்கப்படுகின்றன. கோர்ப்பவர்கள் நம் கிராமங்களிலிருந்து போன தங்கைகள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த விடுதிகளில் அவர்கள் நெருக்கியடித்துத் தரையில் படுத்திருந்தார்கள். போனுக்குள்ளும் இடமில்லை, போன் செய்கிறவளுக்கும் இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருங்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், சுடுகாட்டையும் பொதுப் பாதையையும் நாம் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம். இந்தச் சட்டத்தின்கீழ் வரும் வழக்கு நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 15ஏ பிரிவின் 10-ஆம் உட்பிரிவு. பதிவின் மதிப்பு அரசுக்கே தெரியும் என்றுதானே இதற்குப் பொருள்? மெமரி கார்டில் உள்ள வீடியோ ஓர் ஆவணம் என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவான கருவியையே அதன் சொந்தக்காரர் நேரில் கொண்டுவந்து காட்டினால் தனிச் சான்றிதழ் வேண்டாம், நகல் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஜூலையில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவிலும் சான்றிதழ் உண்டு; அதன் படிவம் கோப்பின் ஹாஷ் எண்ணைக் கேட்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரு நொடி வெட்டினாலும் மாறிவிடும்.

இதில் நமக்கு உள்ள சிக்கலைப் பாருங்கள். அசல், கார்டில் இருந்தால் கார்டைக் கழற்றி ஒப்படைக்கலாம். அசல், போனுக்குள்ளேயே இருந்தால் போனையே ஒப்படைக்க வேண்டிவரும். அதோடு உன் தொடர்பு எண்கள், தோழர்களின் பேச்சு, வீட்டுப் பெண்களின் படங்கள் எல்லாம் போகும். வழக்கு முடியும்வரை போன் திரும்பாது. தவணை மட்டும் மாதாமாதம் வரும். எந்தக் கூலித் தொழிலாளி இதற்குத் துணிவார்? கார்டுக்கான அந்தச் சின்னத் துளையை அடைத்தபோது கம்பெனிக்காரன் இதை நினைத்திருக்க மாட்டான். நம்மை நினைக்காமலே செய்வதுதான் அவன் வழக்கம்.

ஆகவே நான் சொல்வது இது. உச்ச மாடல் மோகத்தை விடுங்கள். அண்ணன் வெயிலில் நின்று சம்பாதித்த பணம் அது. பதினைந்தாயிரத்துக்கும் கீழே, கார்டு போடும் வசதியோடு போன்கள் இன்னும் வருகின்றன. வாங்கும்போது 'எத்தனை மெகாபிக்சல்' என்று கேட்காதீர்கள். 'கார்டு போடலாமா' என்று கேளுங்கள்.

போராட்டத்துக்குப் போகும் முன் செட்டிங்ஸை 1080பி, 30 பிரேமுக்கு மாற்றுங்கள். ஐபோனில் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பிதான் பிடிக்கும். ஒரு மணி நேரம் நாலு ஜிபிக்குள் அடங்கும். முகம் தெரியும், குரல் கேட்கும், நீதிமன்றத்துக்கு அது போதும். போனில் குறைந்தது 20 ஜிபி காலியாக இருக்கிறதா என்று முந்தைய இரவே பாருங்கள். ஒருவர் மட்டும் எடுக்காதீர்கள்; இருவர் எடுங்கள்.

எடுத்ததை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிவிட்டு அசலை அழிக்காதீர்கள். அது சுருக்கி அனுப்பும். போய்ச் சேர்வது வேறு கோப்பு. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். அசல் அசலாகவே இருக்கட்டும். அன்று இரவே இரண்டு நகல், இரண்டு வேறு வீட்டில். எடுத்தவர் யார், எந்தப் போன், எத்தனை மணி, ஹாஷ் எண் என்ன என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

ஊருக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். மன்றத்தின் பெயரில், பொதுப் பணத்தில். அம்பேத்கர் பிறந்தநாளுக்கு அடிக்கும் ஃபிளெக்ஸ் பேனர்களில் நான்கைக் குறைத்தால் வாங்கிவிடலாம். தலைவரின் படம் சாலையில் நான்கு நாள் நிற்பதைவிட, தெருவின் சாட்சியம் நாற்பது ஆண்டு நிற்பது அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை.

அரசிடமும் கேட்க வேண்டியது உண்டு. வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவர் கொண்டுவரும் பதிவை மாவட்ட அலுவலகத்திலேயே நகலெடுத்து, ஹாஷ் எண் போட்டு, ரசீது கொடுத்துப் போனைக் கையோடு திருப்பித் தர வேண்டும். இது பெரிய செலவு இல்லை. ஒரு கணினி, ஓர் ஆள், கொஞ்சம் மனம். அடுத்த விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுக் கூட்டத்துக்கு முன் உங்கள் மாவட்டத்தில் இதை மனுவாகக் கொடுங்கள்.

இடமில்லை என்ற சொல் நமக்குப் புதிது அல்ல. டீக்கடை பெஞ்சில், கோயிலில், ஊர்க் குளத்தில், கடைசியில் செத்த பிறகு நடக்கும் பாதையில்கூட அதைக் கேட்டுவிட்டோம். ஒவ்வொரு இடத்தையும் கேட்டு வாங்கவில்லை, போய் உட்கார்ந்துதான் வாங்கினோம். நம் ஞாபகத்துக்கான இடத்தையும் எவனிடமும் மாத வாடகைக்குக் கேட்க வேண்டாம். நாமே கட்டுவோம்.

அந்தத் தெருவின் பாதை மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. இந்த வருஷச் சம்பா வருவதற்குள் இன்னொரு முறை போய் உட்காரப் போகிறோம். தம்பி இந்த முறை கார்டு போட்ட பழைய போனோடு வருகிறான். இரண்டாவது போனோடு அவன் தங்கை வருகிறாள்.

ஜெய் பீம்.